நிறம் பூசாத கால் வட்டம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதால்தான் இந்தப் பேச்சை எடுக்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாதியிலேயே கை போனுக்குப் போய்விடும். போன வாரம் பேத்தி கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் இரண்டு பீட்சா படம். ஒவ்வொன்றும் நான்காக வெட்டியது. முதலாவது முழுசாக இருந்தது. இரண்டாவதில் ஒரு துண்டைக் காணோம். அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. "இது எவ்வளவு ஆச்சி, சொல்லு" என்றாள். "உங்கப்பன்கிட்டப் போய்க் கேளு" என்று விரட்டினேன். பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. பிறகு என்னை நானே திட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தகா பின்னம் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மேலே பெரிய எண், கீழே சின்ன எண். ஏழின் கீழ் நான்கு. அதையே முழுசையும் மிச்சத்தையும் பிரித்து எழுதினால் கலப்பு பின்னம், ஒன்றே முக்கால். நீங்களெல்லாம் பரீட்சை எழுதிய அன்றே மறந்திருப்பீர்கள். கொடுத்துவைத்தவர்கள். எனக்கு எங்கே வட்டமாக ஒன்றை வெட்டிவைத்தாலும் அந்தப் பங்குனி மாதம் வந்து முன்னால் நின்றுவிடும்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் போகிற பாதையில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மேற்கே மலை. மலையடியில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. கிணற்றுக்கு வடக்கே எங்கள் தென்னந்தோப்பு, தெற்கே அவர்களுடையது. மழை உள்ள வருடங்களில் யார் எப்போது மோட்டார் போட்டாலும் ஒருவரும் கேட்பதில்லை. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தை பிறக்கும்போதே தண்ணீர் படி படியாக இறங்க ஆரம்பித்தது. மாசிக் கடைசியில், நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு பாறை கிணற்றடியில் தலை காட்டியது. எட்டிப் பார்த்தால் சேற்று வாடையும் அழுகின இலை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். முன்பெல்லாம் கல்லைப் போட்டால் தொபுக்கென்று கேட்கும். அந்த மாசியில் சளப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கிணற்றின் உள்ளே பாதி ஆழத்தில் ஒரு கல்மேடை. அதன் மேல்தான் மோட்டார் உட்கார்ந்திருந்தது. கரையில் ஓடு போட்ட மோட்டார் ரூம். அதற்குள் ஸ்டார்ட்டரும் பீஸ் பெட்டியும். ரூமின் கதவு தோப்பைப் பார்த்து இருக்கும். கிணறு ரூமின் முதுகுப் பக்கம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நின்று ஸ்விட்சைத் தட்டுகிறவருக்குக் கிணறு தெரியாது.

மேடைக்கு இறங்கிய வயர் பழசு. ரப்பர் அங்கங்கே வெடித்திருந்தது. மோட்டார் ஓடும்போது குழாயில் கை வைத்தால் விரல் நுனியில் சுர்ரென்று இழுக்கும். பிள்ளைகள் எங்களுக்கு அது விளையாட்டு. யார் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவோம். அந்த மாசியில் ஒரு நாள் காலையில் தவளைகள் வயிறு வெளுத்துத் தண்ணீரில் மிதந்தன. ஒன்றிரண்டு இல்லை, கிணறு முழுக்க. அப்பாவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"சூட்டுக்குச் செத்துருக்கும்ட்டி. தண்ணி வெந்துல்லா கெடக்கு" என்றார் அப்பா. பெரியப்பாவின் வேலையாள் யாரோ மருந்து கலந்துவிட்டதாகச் சொன்னார். யாருக்கும் வயர் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் பெரியவர்கள். எல்லாரும் அந்தக் குழாயைத் தொட்டுக் கை உதறியவர்கள்தான்.

தண்ணீர் குறைந்ததும் பழைய வழக்கப்படி முறை வைத்தார்கள். 'நாலு நாள் முறை' என்று அதற்குப் பெயர். மோட்டாருக்கான கரண்டு பகலில்தான் வரும். அதனால் ஒரு பகலை நான்கு காலாகப் பிரிப்பார்கள். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு கால், உச்சி வரை ஒரு கால், மூன்று மணி வரை ஒரு கால், பொழுது அடையும் வரை ஒரு கால். இளையவர் தன் சரிபாதியில் ஒரு காலை மூத்தவருக்கு விட்டுக்கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. ஆகவே அப்பாவுக்கு ஏழு கால், பெரியப்பாவுக்கு ஒன்பது கால். ஊரில் யாரும் ஒன்றே முக்கால் நாள் என்று சொல்லமாட்டார்கள். ஏழு கால், ஒன்பது கால், அப்படித்தான் பேச்சு. தகா பின்னம் என்ற பெயர் தெரியாமலே ஊர் அதில்தான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முறை முடிந்தவர் பீஸ் பெட்டியிலிருந்து தன் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்தவர் தன்னுடையதைக் கொண்டுவந்து சொருகினால்தான் மோட்டார் ஓடும். ஒருவர் முறையில் இன்னொருவர் திருட்டுத்தனமாக இறைத்துவிடக் கூடாதே, அதற்காக. கரண்டு பாய்கிற கம்பி கட்டின வெள்ளைப் பீங்கான் கட்டைகள். எங்களுடையதில் அப்பா பச்சைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

முறை தொடங்குவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. நாங்கள் ஒரு நாள் கூடுதலாக மோட்டாரை ஓட்டிவிட்டோம் என்று பெரியப்பாவுக்குக் கோபம். டீக்கடை முன்னால் நின்று, "இனி எவனாது என் முறையில கெணத்துப் பக்கம் வந்தான், உள்ளயே போட்டு மூடிருவேன்" என்று கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். நானும் பால் வாங்கப் போன இடத்தில் தூக்குவாளியோடு நின்று கேட்டேன். பெரியப்பா வாயால் சொல்வாரே தவிர ஒரு கோழியைக்கூட அறுக்கமாட்டார். கோழி அடிக்கிற நாளில் எங்கள் அப்பாவைத்தான் கூப்பிட்டு விடுவார்.

சண்டையைத் தீர்க்க அம்மா தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியில் இருந்தார். சட்டைக் காலர் விறைப்பாக, பேச்சும் விறைப்பாக. வந்தவர், "வாயால சொன்னா அடிச்சிக்கிடத்தான் செய்வீய. கண்ணால பாக்கணும்" என்றார். மோட்டார் ரூம் உள்சுவரில் ஆணியும் சணலும் வைத்து ஐந்து வட்டம் போட்டார். அப்படி ஒரு வட்டம், பாத்திரத்தைக் கவிழ்த்து வரைந்தாலும் வராது. ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டு கோடு போட்டு நான்காக்கினார். மேல்வரிசையில் இரண்டு வட்டம் எங்களுக்கு. அதில் ஏழு துண்டுக்குக் காவி பூசினார். கீழ்வரிசையில் மூன்று வட்டம் பெரியப்பாவுக்கு. அதில் ஒன்பது துண்டுக்கு நீலம். காவி மண் குழைத்த வாடையும் சாக்குத்துணித் தூரிகை சுவரில் உரசுகிற சத்தமும் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் போடுகிற படத்தைவிட இது அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தா மாப்ள, ஒரு வட்டம்னா ஒரு பகலு. ஒனக்குக் காவி, அவருக்கு நீலம். இனி ஒரு பய வாய் பேசப்படாது" என்றார் மாமா.

பெரியப்பா வந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஏழு... ஒம்பது. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். அவர் போன பிறகுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மச்சான், எங்க ரெண்டாவது வட்டத்துல ஒரு மூலை வெள்ளையா கெடக்கே. அது யாருக்கு?"

மாமா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது யாருக்கும் இல்ல மாப்ள."

"அதுவும் நல்லதுக்குத்தான். கெணறும் செத்த நேரம் மூச்சு விடணும்லா. ஊத்து ஊறட்டும்" என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஏழு கால் முடிந்ததும் கிணற்றுக்கு ஒரு கால் ஓய்வு. பிறகு மறுநாள் விடிய பெரியப்பாவின் முதல் வட்டம். படம் அப்படித்தான் சொல்லியது.

முறை தொடங்கிய முதல் நாள் எங்களுடையது. ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர்தான் நூலாக வந்தது. மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது அப்பா, "மூணு மணிக்கு நம்ம காலு முடியுது. பொறவு வெறும் காலு. அந்நேரம் எறங்கி புட்வால்வக் கழட்டிச் சுத்தம் பண்ணிப்புடுதேன். சேறு அடைச்சிருக்கு. அண்ணனுக்கும் நாளைக்கு நல்லா தண்ணி வரும்லா" என்றார். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் இருக்குமே வால்வு, அதுதான்.

"ஒத்தையில எறங்காதீய. கரண்டு வேற சுர்ருங்குது" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டு இடுப்பைத் தட்டிக் காட்டினார். "கரண்டே என் மடியிலதான கெடக்கும். என்ன பயம்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். ராஜபாளையத்தில் வாங்கினது. பிடியில் சிவப்பு பெயிண்ட். அதை எங்களைத் தொடவிடமாட்டார். அன்று நான் சீருடையில் எண்ணெய் படுமே என்று தள்ளி நின்றுகொண்டு, "வாரேன்ப்பா" என்றேன். "வா தாயி" என்றார். குனிந்த தலை நிமிரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கணக்கு டீச்சர் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களை 'அம்மாயி' என்பார், தெலுங்கில் பெண்ணே என்று அர்த்தம். கோபம் வராத நாள் கிடையாது. அவர் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. பெட்டியில் நூல் கோன்களை அடுக்கும்போது அடுக்குக்கு அடுக்கு வைக்கிற அட்டைகள் மிஞ்சினால் கொண்டுவந்து, வட்டமாக வெட்டி, வகுப்புக்கு எடுத்துவருவார். அட்டையில் பஞ்சு தூசு ஒட்டியிருக்கும். தும்மல் வரும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு. இரண்டு அட்டை வட்டத்தை நான்கு நான்காகக் கோடு போட்டு, ஏழு துண்டுக்குச் சிவப்பு பூசிப் பலகையில் ஒட்டினார். ஒரு துண்டு வெள்ளை. நான் ஒரு நிமிடம் மோட்டார் ரூமில் நிற்பதாகவே நினைத்துவிட்டேன். கையைத் தூக்கினேன், எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று.

"ஏழின் கீழ் எட்டு டீச்சர்!"

"எட்டு எங்கருந்து வந்துச்சு?"

"மொத்தம் எட்டுத் துண்டு இருக்கே டீச்சர்."

"முழுசு எது? ரெண்டு அட்டையும் சேத்து ஒண்ணா, ஒரு அட்டை ஒண்ணா?"

"ஒரு அட்டை ஒண்ணு."

"அப்ப ஒரு முழு அட்டையும் இன்னொண்ணுல முக்காலும் கையில வச்சிக்கிட்டு, ஒண்ணுக்கும் கொறச்சலாச் சொல்லுதியே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" வகுப்பு சிரித்தது. டீச்சர் அந்த வெள்ளைத் துண்டில் விரலால் குத்தினார். "இத எதுக்கு எண்ணுத அம்மாயி? இது கணக்குலயே இல்ல. அட்டை வட்டமா இருந்ததுனால ஒட்டிக்கிட்டு வந்தது. அவ்வளவுதான்!" சொன்ன வேகத்தில் அதை அப்படியே கிழித்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். "இப்ப எண்ணு."

எண்ணினேன். கால், கால், கால் என்று ஏழு கால். நான்கு கால் ஒரு முழுசு. மிச்சம் மூன்று கால். ஒன்றே முக்கால். டீச்சர் தலையில் ஒரு குட்டு வைத்து, தண்டனையாக மேசையில் வெட்டிக் குவித்திருந்த கால் துண்டுகளையெல்லாம் வட்டம் வட்டமாக அடுக்கச் சொன்னார்.

நான் அடுக்கினேன். ஏழு துண்டை ஒரு முழு வட்டமும் ஒரு முக்காலுமாக வைத்தேன். பெரியப்பாவுக்கும் வைத்துப் பார்ப்போம் என்று ஒன்பது துண்டை எண்ணி எடுத்தேன். அதில் முதல் துண்டை எங்கே வைப்பது? வெள்ளைத் துண்டு ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. முக்கால் வட்டத்தில் ஒரு காலுக்கு இடம் இருந்தது. கை தானாக அங்கே வைத்துவிட்டது. இரண்டாவது வட்டம் முழுசாயிற்று. மிச்சம் எட்டுத் துண்டில் இன்னும் இரண்டு வட்டம். மொத்தம் நாலு வட்டம், ஒரு பொத்தல் இல்லாமல். நாலு நாள் முறை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வட்டம் என்பது சுவரில்தான். கிணற்றுக்கு நாலு பகல்தான். எங்கள் ஏழாவது கால் முடிந்த அடுத்த நொடி பெரியப்பாவின் முதல் கால். ஓய்வு என்று ஒரு கால் கிடையவே கிடையாது. பெரியப்பா விரல் விட்டு எண்ணுகிறவர். ஏழு முடிந்ததும் தன் பீஸ் கட்டையோடு வந்து நிற்பார். அப்பா கிணற்றுக்குள் இருப்பார்.

அடுத்த பீரியடு மணி அடித்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

"டீச்சர், நான் வீட்டுக்குப் போகணும். எங்கப்பா கெணத்துல எறங்கப் போறாக. அது வெறும் காலு இல்ல டீச்சர், எங்க பெரியப்பா காலு" என்று உளறினேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "தப்பாச் சொன்னதுக்குத் திட்டுனா வீட்டுக்கு ஓடிருவியா? நல்லாருக்கே கத. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் வெளிய முட்டி போடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் போல வயிற்று வலி, ஆச்சி சாவு என்று சொல்லி ஓடின பிள்ளைகளை நிறையப் பார்த்தவர். நான் வராந்தாவில் முட்டி போட்டேன். ஜன்னலுக்குக் கீழே மண்ணில் அந்த வெள்ளைத் துண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவ்வளவு நேரமும் இருந்தேன்.

பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வத்திராயிருப்பு பஸ் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் பால்கோவாவுக்குப் பால் காய்கிற வாடை. எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிற வாடை. எனக்கு அன்றிலிருந்து குமட்டுகிறது. யாராவது கொடுத்தால் வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கினால் டீக்கடையில் ஒரு ஆள் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து தீயில் சொய்யென்று விழுந்தது. அணைக்கக்கூட ஆள் இல்லை. பெஞ்சில் பாதி குடித்த டம்ளர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அப்பாவைக் கயிறு கட்டி மேலே ஏற்றிக் கிணற்றடியில் கிடத்தியிருந்தார்கள். அம்மா அவர் நெஞ்சில் விழுந்து அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ வேட்டியைச் சரிசெய்ய மடியை அவிழ்த்தபோது பீஸ் கட்டைகள் கல்லில் விழுந்து உருண்டன. மூன்றும் இருந்தன, பச்சைப் புள்ளியோடு. பெரியப்பா மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து, இடுப்பு வரை நனைந்து, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நான் பாக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறந்து ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

ஊருக்கு அது போதாதா? டீக்கடையில் கத்தியதை எல்லாரும் ஞாபகப்படுத்தினார்கள். அப்பாவின் செருப்பு கிணற்று மேட்டில் கிடந்ததே, அது கண்ணில் படவில்லையா என்றார்கள். முதலில் ஓடிவந்த ஆள், பெரியப்பா தண்ணீருக்குள் நின்று அப்பாவின் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். போலீஸ் வந்து கரண்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. ஊரில் யாரும் அதை நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை. "கூடப்பொறந்தவனக் கொன்னதும் இல்லாம அவிய ரெஞ்சையும் தூக்கிட்டுப் போயிட்டான்" என்பாள். ரெஞ்சு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சாகிற வரைக்கும் அம்மா அந்த ரெஞ்சைப் பற்றிக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

மறுநாளே அம்மாவிடம் சொன்னேன், வட்டத்தைப் பற்றி. அவள் காதில் ஏறுகிற நிலையிலா இருந்தாள்? மாமாவைக் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்கு இழுத்துப் போனேன். "மாமா, இந்த வெள்ள மூலை கணக்குலயே இல்ல. அப்பா அத ஓய்வுன்னு நெனச்சிட்டாக. நீங்க யாருக்கும் இல்லைன்னு சொன்னீயல்லா" என்றேன். மாமா சுவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். காலர் விறைப்பாகத்தான் இருந்தது; முகம்தான் தொங்கிவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை. "வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போட்டி" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். கேட்டவர்களிடம், அதைப் பார்த்தால் தங்கச்சிக்குத் தாங்காது என்றார். பிறகு ஊர்க்கூட்டத்தில் பெரியப்பாவுக்கு எதிராக முதலில் பேசியதும் அவர்தான். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். மனதாரத் திட்டுகிறேன்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பெரியப்பா வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. அவர் தெருவில் வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் எதிரே வந்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு ராஜபாளையத்தில் கல்யாணமாகி வந்த பிறகு அதுவும் இல்லை. கிணறு வற்றி, தோப்பு அழிந்து, இப்போது அங்கே பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள்.

அம்மா போன வருடம் போய்விட்டாள். இந்த வருடம் மாசியில், எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைக் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தடுக்க ஆள் இல்லை. தோசை சுட்டு டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணில் கட்டு. உடம்பு பாதியாகியிருந்தார். யாரென்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

"பெரியப்பா, அன்னைக்கு எங்கப்பா எதுக்குக் கெணத்துல எறங்குனாகன்னு நெனைக்கிறிய?"

"செத்தவன இழுக்காத தாயி."

"எனக்குத் தெரியணும். சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "தண்ணி ஏறலையேன்னு மோட்டார நிறுத்திட்டு வந்து எட்டிப் பாத்தா, என் முறையில புட்வால்வக் கழட்டிப் போட எறங்கியிருக்கான். பாதி கழண்டு கெடந்துச்சு. கையில ரெஞ்சு. விட மாட்டேங்கான், அப்பிடிப் பிடிச்சிருந்தான். நாலு பேரு பாத்தா என் தம்பிய என்ன சொல்லுவானுவ? விரலப் பிரிச்சி எடுத்து, சேத்துக்குள்ள போட்டு மிதிச்சிட்டேன்."

"அதுக்குத்தான் வாயே தொறக்கலையா?"

"என்னையச் சொல்லிட்டுப் போறானுவ. நான் உசுரோட இருக்கேன், தாங்கிக்கிடுதேன். அவன் செத்தும் கள்ளன்னு பேரு வாங்கணுமா?"

டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஆஸ்பத்திரித் தட்டில் இரண்டு தோசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றையும் நான்காகப் பிய்த்தேன். இரண்டாவதில் ஒரு துண்டை எடுத்து மூடியில் வைத்துவிட்டு, "இதுல எம்புட்டு இருக்கு பெரியப்பா?" என்றேன். அவர் கட்டில்லாத கண்ணைக் கிட்டத்தில் கொண்டுவந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சுவரில் எண்ணினாரே, அதே மாதிரி. "ஏழு காலு" என்றார்.

"இந்த வெறும் எடம்?"

"அது என் மொதக் காலு. அவன் எனக்குன்னு விட்டுக்குடுத்தது."

"எங்கப்பா அத யாருக்கும் இல்லைன்னு நெனச்சிட்டாக. மாமா அப்பிடிச் சொன்னாக. கெணறு ஊறுத நேரம்னு நெனச்சுத்தான் எறங்குனாக. வால்வச் சுத்தம் பண்ணுனா அண்ணனுக்கும் நல்லா தண்ணி வரும்னு காலையில கஞ்சி குடிக்கும்போது சொன்னாக. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

பெரியப்பாவின் விரல் அந்த வெறும் இடத்தில் போய் நின்றது. தட்டின் தகரத்தை அது தடவிக்கொண்டே இருந்தது.

"அப்ப அவன் என் தண்ணிக்கு வரல."

"இல்ல பெரியப்பா."

"தெனமும் சாமி கும்புடுத நேரத்துல அவன மன்னிச்சிட்டேன் மன்னிச்சிட்டேன்னு சொல்லிக்கிட்டு வாரேனே தாயி, இத்தன வருசமா" என்றார். வாய் கோணியது. "மன்னிக்கதுக்கு எங்கூடப் பொறந்தவன் என்ன செஞ்சான்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டின கண்ணிலிருந்து தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்; அதையெல்லாம் யார் பார்த்தது? கொஞ்ச நேரம் கழித்து அவர் மூடியிலிருந்த அந்த ஒரு துண்டைத் தடவி எடுத்து, தட்டில் அதன் இடத்தில் வைத்தார். ஓரம் சேரும்படி விரலால் நகர்த்தி நகர்த்தி வைத்தார். தோசை ஆறிப்போயிற்று. நர்ஸ் வந்து, சாப்பிடவில்லையென்றால் தட்டைக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் கொடுக்கமாட்டேன் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.